நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கான தொடர் பராமரிப்பு

தொடர் பராமரிப்பு என்பது, முற்றிலும் குணமாகாத ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய நோய்களுடன் வாழ்பவர்கள் அன்றாட வாழ்க்கையிலேயே அந்நோயைக் கவனித்துக்கொள்வதற்கு மருத்துவத் துறையும் குடும்பமும் சமூகமும் அளிக்கும் உதவியைக் குறிக்கும். நீரிழிவு நோயும் உயர் இரத்த அழுத்தமும் இத்தகைய நோய்களுள் மிகப் பரவலானவை. பேச்சு வழக்கில் இவை முறையே 'சுகர்', 'பிரஷர்' (அல்லது 'பி.பி.') எனப்படுகின்றன. ஒருவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருப்பது சாதாரணம்.

இந்நோய்களுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், நோயாளி மருத்துவர் முன் அமரும் நேரம் ஒரு மணிக்கும் குறைவே. ஆண்டின் மற்ற 8,759 மணி நேரமும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வதும், சோற்றை அளந்து வைப்பதும், காலில் முள் குத்தியதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. சரியான மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவருக்குப் பெரும்பாலும் கடினமான வேலை அல்ல. அதை இருபது முப்பது ஆண்டுகள் விடாமல் தொடரச் செய்வதுதான் கடினம்.

பரவல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் சென்னை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒருங்கிணைத்து, 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதும் அதில் கண்டறியப்பட்டது. நீரிழிவுக்கெனத் தனிக் கவனிப்பு வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மருத்துவர் மா. விசுவநாதன் 1948இலேயே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த முதல் நீரிழிவுப் பிரிவாக அது குறிப்பிடப்படுகிறது.

வலிக்காத நோய்

தொடர் பராமரிப்பின் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் ஒன்றே: இந்நோய்கள் வலிப்பதில்லை. இரத்த அழுத்தம் 140/90 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் 160 இருப்பவருக்கும் 120 இருப்பவருக்கும் உடலில் எந்த வேறுபாடும் தெரியாமல் இருக்கலாம். 'பிரஷர் ஏறினால் தலை சுற்றும், எனக்குச் சுற்றவில்லை, ஆகவே பிரஷர் இல்லை' என்ற கணக்கு பல வீடுகளில் உண்டு. அது தவறான கணக்கு. தலை சுற்றாமலே இரத்தக் குழாய்களின் சுவர் தடித்துக்கொண்டிருக்கும். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளும் கண்ணின் விழித்திரையும் மெல்ல மெல்லச் சேதமடையும். பலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வருகிறது.

காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டுப் பழகியவர்கள், காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவார்கள். அதில் தவறில்லை. அதே பழக்கத்தைப் பிரஷர் மாத்திரைக்கும் பொருத்தும்போதுதான் ஆபத்து வருகிறது. 'போன மாதம் பார்த்தேன், நார்மல் ஆகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்' என்பது புறநோயாளர் பிரிவுகளில் அடிக்கடி கேட்கும் விளக்கம். அளவு சரியானது மாத்திரையால்தான். மாத்திரை நின்றால் அடுத்த சில நாட்களிலோ வாரங்களிலோ அது பழைய இடத்துக்கே திரும்பும். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை.

கட்டுப்பாட்டின் பலனும் உடனடியாகக் கண்ணுக்குத் தெரியாது. பிரித்தானியாவில் 1977 முதல் 1997 வரை நடந்து, 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்று புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டது. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்திய குழுவினருக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்தன. அவர்களுள் இரத்த அழுத்தமும் உடையோரில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை நோயாளியின் பிரஷரைக் கவனிப்பது சர்க்கரையைக் கவனிப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதை நிலைநாட்டியது இந்த ஆய்வுதான்.

மாத்திரை நின்றுபோகும் காரணங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் மருந்தை முறையாக எடுத்துக்கொள்வதாகவும், வளரும் நாடுகளில் இந்த விகிதம் இன்னும் குறைவு என்றும் கூறியது. இதை நோயாளியின் அலட்சியம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவற்றுள் பல நோயாளியின் கையில் இல்லாதவை.

முதற்காரணம் கூலி இழப்பு. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க ஒரு நாள் வேலையை விடவேண்டும், பேருந்துக்குச் செலவிட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். நாட்கூலி வாங்கும் ஒருவருக்கு அந்த இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி.

அடுத்தது பக்கவிளைவு. மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். உணவுடன் சேர்த்துச் சாப்பிட்டாலோ, குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனாலாபிரில் வறட்டு இருமல் தரும். இவற்றுக்கு மாற்று மருந்துகள் உண்டு. ஆனால் இருமல் மாத்திரையால் வருகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், நோயாளி இருமலுக்குத் தனியாக மருந்து வாங்குகிறார், அல்லது பேசாமல் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

மூன்றாவது, அச்சம். 'சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்' என்ற நம்பிக்கை தமிழகம் முழுவதும் வேரூன்றியுள்ளது. உறவினர் ஒருவர் பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார், பிறகு அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்பதே பெரும்பாலும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்தது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்த சர்க்கரையும் அழுத்தமும்தான். சிறுநீரகம் பழுதான பிறகு சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருப்பது உண்மை. அந்த உண்மையும் வதந்திக்கு உரமாகிவிடுகிறது. இன்சுலின் 'கடைசிக் கட்டம்' என்ற எண்ணமும் இதே வகையைச் சேர்ந்தது. நிரந்தரமாகக் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்கள் இந்த அச்சத்தை வைத்தே பிழைக்கின்றன.

நோயாளியிடம் கேட்கும் முறையும் முக்கியம். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'சாப்பிடுகிறேன்' என்ற ஒரே பதில்தான் வரும். திட்டு வாங்க யாருக்கும் விருப்பமில்லை. 'போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா?' என்று கேட்டால், விட்டுப்போவது இயல்பு என்பது கேள்வியிலேயே இருப்பதால், உண்மை வெளிவர வாய்ப்பு அதிகம். இந்த ஒரு கேள்வி தவறும்போது, மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் இரண்டாவது மருந்தைச் சேர்க்கிறார். முதல் மருந்தே வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது.

மருந்து முறையை எளிமையாக்குவதும் ஓர் உதவியே. இந்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை இணைந்து 2017இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. எந்த மருந்தில் தொடங்குவது, குறையாவிட்டால் அடுத்து எதைச் சேர்ப்பது என்பது மாநிலத்துக்கு ஒரே படிநிலையாக வகுக்கப்பட்டது. ஒரு சில மருந்துகளே தேவை என்பதால் அவற்றைத் தட்டுப்பாடின்றி வைத்திருக்கவும் முடிந்தது. மருந்து வாங்க வராதவர்களைத் தேடிப்பிடிக்கும் பதிவுமுறையும் அதில் இருந்தது.

அளத்தல்

வீட்டில் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி இன்று பல குடும்பங்களில் உள்ளது. அதைப் பயன்படுத்தும் விதம்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. படியேறி வந்தவுடன், காபி குடித்தவுடன், பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி அமைதியாக உட்கார்ந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்குமாறு வைத்து அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் எண் ஏறிக் காட்டும். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒரே ஓர் அளவைப் பார்த்துப் பதறுவதைவிட, ஒரு வார அளவுகளைக் காலண்டரிலேயே குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவது பயனுள்ளது.

நீரிழிவில் விரல்நுனி இரத்தச் சோதனை அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டும் காட்டும். எச்பிஏ1சி என்ற சோதனை ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து 'நல்ல ரிப்போர்ட்' வாங்குவோரை இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலோருக்கு இலக்கு 7 விழுக்காட்டுக்குக் கீழ். தனியே வாழும் மிக முதியோருக்கு இவ்வளவு இறுக்கம் தேவையில்லை. அவர்களுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவதே பெரிய ஆபத்து.

சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஏற்படும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது நேரலாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிட மறந்த நாட்களிலும் விரத நாட்களிலும் அதிகம் நேர்கிறது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதை நோயாளியைவிட வீட்டிலிருப்பவர்கள் தெரிந்திருப்பது அவசியம்.

உணவு

'அரிசியை விடுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள்' என்ற அறிவுரை பாதி உண்மை. நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் கூழோ களியோ காய்ச்சி வயிறு நிறையக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அளவுதான் முதல் கேள்வி, தானியம் இரண்டாவது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாறுவதால் இரத்தச் சர்க்கரைக்குக் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, பருப்போ முட்டையோ மீனோ சேர்த்து, மீதியில் சோறு என்று மாற்றுவது நடைமுறைக்கு ஏற்றது.

இரத்த அழுத்தத்துக்கு உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தமிழ்ச் சமையலில் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தட்டோரத்தில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வது வழக்கம். உப்பின் கணிசமான பகுதி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது எந்த வீட்டிலும் நெடுநாள் நிற்பதில்லை. நோயாளி வீட்டுத் தலைவராக இருந்தால் முழுக் குடும்பமும் மாறுகிறது. நோயாளி சமைக்கும் பெண்ணாக இருந்தால், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் அவருக்குக் காய்கறி மிஞ்சுவதில்லை, சோறுதான் மிஞ்சுகிறது. உணவு ஆலோசனை சொல்பவர்கள் சமைப்பவர் யார், கடைசியில் சாப்பிடுபவர் யார் என்று கேட்காமல் அட்டவணை கொடுப்பதில் பயனில்லை.

கால்

நீரிழிவால் நரம்புகள் பழுதானால் பாதத்தில் உணர்ச்சி குறையும். செருப்புக்குள் கிடக்கும் சிறுகல், கோவில் பிராகாரத்தின் சுடுகல், குறுகிய செருப்பின் வார் ஆகியவை ஏற்படுத்தும் புண் தெரியாது. தெரியாத புண்ணுடன் நடந்துகொண்டே இருப்பார். சீழ் பிடித்து, எலும்பு வரை பரவி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வருவது இப்படித்தான்.

இந்த அறிவின் ஒரு கிளை வேலூரிலிருந்து தொடங்குகிறது. 1946இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயங்களால்தான் என்று காட்டினார். மென்மையான நுண்துளை ரப்பர் காலணிகள் அந்தப் பணியின் வழியே பரவலாயின. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற அவர், அதே கொள்கையை நீரிழிவாளர்களின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் 'எம்.சி.ஆர்.' செருப்பு அந்த வழியில் வந்ததே. அதை அணியத் தயங்குவோர் இன்னும் உண்டு, தொழுநோயின் பழைய முத்திரை செருப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. இரவில் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையை விட்டோ பார்ப்பது, செருப்பைப் போடும் முன் தட்டுவது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்காதது. ஆண்டுக்கொருமுறை கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்வதும் இதனுடன் சேரும்.

வீடு தேடி வரும் உதவி

நோயாளி வராவிட்டால் மருத்துவம் போக வேண்டும் என்ற முறைக்கு இப்போது வலுவான சான்று உள்ளது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் ஊர்ப்புறங்களில் 2,645 உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் நடத்தி 2020இல் முடிவு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று அழுத்தத்தை அளந்து, ஆலோசனை கூறி, தேவையானவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். இரண்டாண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒருவருக்கு 5 மி.மீ. பெரிதாகத் தெரியாது. ஓர் ஊருக்கே அவ்வளவு குறையும்போது பக்கவாதங்களின் எண்ணிக்கை குறைகிறது.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டின் தொற்றா நோய்க் கணக்கெடுப்பு ஓர் அதிர்ச்சியான எண்ணைத் தந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருத்துவமனைகளுக்கும் மருந்துகளுக்கும் பெயர்பெற்ற மாநிலத்தின் நிலை இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதார தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளக்கின்றனர், மாத்திரையை வீட்டிலேயே தருகின்றனர். படுத்த படுக்கையாக இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே செல்கின்றன. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பன்முகமைப் பணிக்குழு விருது கிடைத்தது.

தன்னார்வலர் அதே ஊர்ப் பெண் என்பதில்தான் இத்திட்டத்தின் உயிர் இருக்கிறது. 'என்னக்கா, போன தடவை குடுத்த மாத்திரை அப்படியே இருக்கு?' என்று திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்க முடியும். மருத்துவமனை மேசைக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி வந்தால் அது விசாரணையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரியின் நோய் தமக்குத் தெரிந்தாலும் தெருவில் பேசாதிருக்கும் கட்டுப்பாடு அவர்களுக்கு வேண்டும். மகள் கல்யாணம் முடியும்வரை சர்க்கரை இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன.

2023–24இல் மீண்டும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் கட்டுப்பாட்டு விகிதம் உயர் இரத்த அழுத்தத்துக்கு 17 விழுக்காடாகவும் நீரிழிவுக்கு 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தது. குறுகிய காலத்தில் இது பெரிய மாற்றம். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் இன்னும் கட்டுப்படவில்லை.

விடுபடுவோர்

பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் யாரைச் சந்திப்பார்? முதியோரையும் பெண்களையும். நாற்பது வயதுக் கட்டடத் தொழிலாளியோ லாரி ஓட்டுநரோ அப்போது வீட்டில் இருக்கமாட்டார். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் இவர்களுள் அதிகம். இதற்காகவே தொழிற்சாலைகளுக்கும் பணியிடங்களுக்கும் சென்று பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பின்னர் சேர்க்கப்பட்டது. ஆண்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே எட்டலாம் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. தென்னிந்தியாவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களுக்கு உணவு, உடற்பயிற்சி குறித்த கைப்பேசிக் குறுஞ்செய்திகளை இரண்டாண்டுகள் அனுப்பிப் பார்த்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது.

வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. திருப்பூரில் பின்னலாடை வேலை செய்பவரின் சிகிச்சைச் சீட்டு சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது வாங்கி வந்த மாத்திரை தீர்ந்ததும் கடையில் பட்டையைக் காட்டி வாங்குவார். கடையில் அதே மருந்து வேறு பெயரில், வேறு நிறத்தில் கிடைக்கும். பெயர் மாறியதால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு ஒரே மருந்தை இருமடங்கு எடுத்துவிடுபவர்களும் உண்டு, நிறம் மாறியதால் சந்தேகப்பட்டு இரண்டையும் விட்டுவிடுபவர்களும் உண்டு. அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பொதுப் பெயரைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பதற்கு, மருந்து தரும் இடத்தில் அரை நிமிடம் போதும்.